படல் சாத்திய வீட்டுக் கோழி

இன்று மதியம் துறை அறைக்குள் நுழைந்தபோது என் மேசைமேல் ஒரு மஞ்சள் பை அசைந்துகொண்டிருந்தது. பையின் வாயிலிருந்து கோழித் தலை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் தேவை, அளிப்புக் கோடுகளை முறைத்துப் பார்த்தது. கால்களைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அறை முழுக்க மழையில் நனைந்த இறகின் வாசனை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஊர் நினைவுக்கு வந்துவிட்டது, ஊரோடு சேர்ந்து நீயும்.

என் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேர் ஆய்வுக்காக மலைக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் உன் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய கோழி அது. "மேடம், இது உங்க ஃப்ரெண்டு கோழியாம். உங்ககிட்டயே ஒப்படைச்சிடச் சொன்னாங்க" என்றாள் இருவரில் நெட்டையாக இருப்பவள்.

நீ செத்துப்போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உனக்கு ஒரு கோழி இருக்கிறது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

இருக்கையில் உட்கார்ந்தேன். கோழி என்னைப் பார்த்தது. உன்னைப் போலவே தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, இவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எடைபோடும் பார்வை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் கண் நிறைந்துவிட்டது. மாணவிகள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். கோழியால் அழுத முதல் பொருளாதார விரிவுரையாளர் நானாகத்தான் இருப்பேன். அதுவும் கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்துக்கு இதெல்லாம் தேவைதான் என்று நீ சொல்லியிருப்பாய்.

நாம் மூன்றாம் ஆண்டு படித்தபோது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்கூட ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் விழுப்புரம் போக வேண்டும். ஆனால் இறுதியாண்டு ஆய்வுக்கு மட்டும் யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனால் போதும். பழைய ஆய்வுகளெல்லாம் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும். ஊர்ப் பெயரை மாற்றி, நம் பெயரைப் போட்டு, பைண்டிங் செய்து தருவார்கள். நமக்கு முந்தின வருஷத்து அண்ணன் ஒருவர் ஒரு பக்கத்தை மாற்ற மறந்துவிட்டதால் கடலே இல்லாத சின்னசேலத்தில் கட்டுமரம் வைத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி ஒரு பத்தி வந்துவிட்டதே, அதை நீ விடுதி முழுக்க வாசித்துக்காட்டினாய். அதற்கும் அவருக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது.

நான் அந்தக் கடைக்கு முன்பணம் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். நீதான் என் பையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏய் கரும்பு, நில்லு. நமக்கே தெரியாத ஒண்ணக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்டி. அதுக்குப் பேருதான ஆராய்ச்சி?"

எங்கள் வீட்டில் கரும்பு போட்டிருந்தார்கள் என்பதற்காக முதல் நாளே எனக்கு நீ வைத்த பெயர் அது. என் சொந்தப் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை.

உன் கேள்வி உன்னிடம் தயாராக இருந்தது. மலையிலிருந்து வேலைக்கு யார் போகிறார்கள், யார் தங்கிவிடுகிறார்கள், ஏன்? உன் அம்மாவும் அப்பாவும் வருஷம் தவறாமல் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவையும் போனதில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு நிலம், ஒரே மரவள்ளி, ஒரே சாமை. "அப்புறம் எப்படிடி? சின்ன வயசுலேர்ந்து எனக்குப் புரியல" என்றாய். அதைச் சொன்னபோது உன் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. உன்னை முழுசாக எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

துறைத்தலைவர் நம் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "யாரும் பிரிச்சுப் பாக்கப் போறதில்லம்மா. அட்டை நல்லா இருக்கானுதான் பாப்பாங்க. எதுக்கு வெயில்ல அலையறீங்க?" என்றார். "சார், அங்க வெயில் கம்மிங்க சார்" என்று நீ சொன்னதும் அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பருவத் தேர்வு முடிந்த மார்கழி விடுமுறையில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் எனக்குக் குமட்டியது. நீ எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்தினாய். அப்படியும் வாந்தி நிற்கவில்லை. "ஏறும்போதே கரும்பப் பிழிஞ்சு எடுத்துட்டாங்க, மேல போயி சக்கைதான் எறங்கும்" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆத்திரத்தில் உன்னைக் கிள்ளினேன். வெள்ளிமலையில் இறங்கி உன் ஊருக்கு நடக்கும் வழியெல்லாம் அந்தக் கிள்ளலுக்கு நீ நியாயம் கேட்டுக்கொண்டே வந்தாய்.

உன் வீட்டில் ஆள் இல்லை. அம்மா, அப்பா, தம்பி மூவரும் காப்பி பறிக்கக் குடகுப் பக்கம் போயிருந்தார்கள். வாசலில் மூங்கில் படலைச் சாத்திக் கயிற்றால் கட்டி, ஒரு கொத்து வேப்பிலையைச் செருகியிருந்தார்கள். நாம் அக்கா வீட்டில் தங்கினோம். அக்கா நம் இருவருக்கும் தலையணை போட்டு, "பொண்ணுங்க சர்க்காரு கணக்கு எடுக்க வந்துகீதுங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அது சர்க்கார் கணக்கு இல்லை என்று விளக்குவதிலேயே முதல் நாள் போயிற்று. அப்படியும் ஒரு பெரியவர் ஆடு எத்தனை என்று கேட்டதும் கையைத் தூக்கி நிறுத்தினார். "மொதல்ல அதச் சொல்லும்மா. குடுக்கற கணக்கா, புடுங்கற கணக்கா? அதுக்குத் தக்கினதான சொல்ல முடியும்?" என்றார். நீ நெற்றியில் அடித்துக்கொண்டு, "மாமா, இது படிக்கற கணக்கு" என்றாய். "அப்ப இருக்கறத எழுதிக்க" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்பது நம் விதி. வீடு சாத்தியிருந்தால் அதற்கு அடுத்த வீடு. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வீடாக முதல் தெருவிலேயே உன் வீடு வந்தது.

"நீதான இந்த வூட்டுப் பொண்ணு. நீயே சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

"வூட்ல ஆள் இல்ல. அடுத்த வூட்டுக்கு நட."

"நீ ஆள் இல்லையா?"

"நான் கேக்க வந்தவடி. எனக்குத் தெரியும்கறத எழுதினா, மலைக்காரப் பொண்ணு அவ வூட்டுக் கதைய எழுதிக்கினு வந்துட்டானுதான் சொல்லுவாங்க."

இதைச் சொன்னபோது உன் தாடை இறுகியிருந்தது. முதலாண்டில் நீ வகுப்பில் எழுந்து ஒரு பதில் சொன்னதும், அதெல்லாம் உங்க ஊர்ல அப்படி இருக்கும், புத்தகத்தில் என்ன இருக்கு என்று ஆசிரியர் ஒருவர் கேட்டு உன்னை உட்கார வைத்தது எனக்கு நினைவிருந்தது. அதனால் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். விதியை உன்னைப் போல மதித்தவள் யாரும் இல்லை. தெருவில் போகப்போக, சாத்தியிருந்த ஒவ்வொரு வீட்டையும் தாண்டும்போது, "இது எங்க சித்தப்பா வூடு, இது எங்க பெரிய மாமா வூடு" என்று வாய் சொல்லும், கால் நிற்காது. அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, அவர்களை முதல்முறை பார்க்கிறவள்போலக் கும்பிடுவாய். உன்னைத் தூக்கி வளர்த்தவர்களெல்லாம் திகைத்துப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

திறந்திருந்த வீடுகளிலெல்லாம் கோழி நிறைய மேய்ந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா வீட்டு வாசலில் காலை வைக்க இடம் தேட வேண்டும், சாணம் மெழுகிய தரையெல்லாம் குஞ்சுகள். கோழி எத்தனை என்று கேட்டோம். அக்கா ஒவ்வொன்றாக விரலை நீட்டி எண்ணிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். நீ சரிபார்த்தாய்.

ஜனவரியில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் நீளப் பலகையில் தாள்களைப் பரப்பிக் கூட்டிக் கழித்தோம். விடை தெளிவாக வந்து நின்றது. தங்கியவர்களுக்குக் கோழி அதிகம். வெளியே போகிறவர்கள் ஊரில் மிகக் குறைவு. ஆக, வீட்டோடு வருமானம் தரும் ஒரு சொத்து இருந்தால் ஆட்கள் மலையை விட்டுப் போவதில்லை! நான் பலகையைத் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டேன். "கண்டுபுடிச்சிட்டோம்டி! ஆளுக்கு நாலு கோழி குடுத்தா போதும், ஒருத்தரும் எஸ்டேட்டுக்குப் போவமாட்டாங்க!"

நீயோ அக்கா வீட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டாய். அழுகிறாய் என்று நினைத்து நான் பதறினேன். உன் தோள் குலுங்கியது, பலகை ஆடியது, கடைசியில் சத்தமாக வெடித்துவிட்டாய்.

"கரும்பு... அது எங்கம்மா கோழிடி!"

எனக்குப் புரியவில்லை.

"அக்காவுக்கு ஏது அவ்ளோ கோழி? வேலைக்குப் போறப்ப எங்கம்மா அங்கதான் வுட்டுட்டுப் போவும். சித்தப்பா வூட்டுதும் அங்கதான். ஊர்ல எல்லாருமே அப்படித்தான். பாத்துக்கறவங்களுக்கு முட்டையும் பாதிக் குஞ்சும். திரும்பி வந்தா தாய்க்கோழியும் மீதிக் குஞ்சும் வாங்கிப்பாங்க. எங்கம்மா கோழிய நானே எண்ணி, நானே சரிபாத்து, அக்கா சொத்துல சேத்துட்டேன்டி!"

கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாய். எனக்கும் தொற்றிக்கொண்டது. சமையல்காரம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போனவர்கள் விட்டுப்போன கோழிகளை எண்ணிவிட்டு, கோழி இருப்பதால் இவர்கள் போகவில்லை என்று எழுதியிருந்தோம். அதுவும் எப்போது போய்க் கேட்டோம்? காப்பி பறிக்கும் காலத்தில். போகிறவர்கள் எல்லோரும் போய்விட்ட மாதத்தில், யார் போகிறார்கள் என்று தங்கியவர்களிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். நம் விடுமுறையும் அவர்கள் வேலைக்காலமும் ஒன்று என்பது உனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் அம்மா இல்லாமல் இருந்தவள் நீ.

சிரிப்பு அடங்கியபின் அதையேதான் சொன்னாய். "மலைக்காரியாப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பொருளாதாரம் படிச்சவளாப் போனேன்." அதற்குமேல் உன்னால் சாப்பிட முடியவில்லை. உன் தட்டுச் சோற்றை நான் தின்றேன்.

திரும்பவும் போக வேண்டும் என்றாய். விதைப்புக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள், அப்போது படல் சாத்தியிருந்த வீடுகளிலெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் தாள் கொடுக்க வேண்டிய தேதி அதற்கு வெகு முன்னால் இருந்தது. துறைத்தலைவர், "ஆய்வின் வரம்புகள்னு ஒரு தலைப்புப் போட்டு நாலு வரி எழுதிடுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்யறது" என்றார். எழுதினோம். அதை யாரும் படிக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் கோழி அட்டவணையில் விரலை வைத்து, அருமையான முடிவு, அரசாங்கத்துக்கே பரிந்துரைக்கலாம் என்று பாராட்டினார். நீ எழுந்து நின்றாய். "சார், அது தப்புங்க சார்" என்றாய். அவர் உன் அடக்கத்தை மெச்சிக்கொண்டார். நீ மறுபடியும் விளக்கினாய், அந்தக் கோழி தங்கியவர்களுடையது இல்லை, போனவர்களுடையது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நமக்குத்தான் அந்த வருஷம் முதல் மதிப்பெண். வெளியே வந்ததும் நீ சுவரில் சாய்ந்து நின்றாய். "தப்புனு நம்மளே சொன்னாலும் கேக்கமாட்டேங்கறாங்களேடி. அப்ப சரியாச் சொன்னா மட்டும் கேட்டுருவாங்களா?" என்றாய். உனக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கூட உன்னைக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததோடு சரி. இன்னும் கொஞ்ச நேரம் உன்னோடு அங்கேயே நின்றிருக்கலாம்.

பிறகு முதுகலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம், இருவருக்குமே இடம் கிடைத்தது. நான் சேர்ந்தேன். நீ சேரவில்லை. கல்லூரி திறந்து சில நாள் கழித்து, திருப்பூரிலிருந்து கூப்பிட்டாய். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பரவாயில்லை, பக்கத்தில் மலைக்காரப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள் என்றாய். நான் புதுக் கல்லூரியைப் பற்றியும் அங்கே மெஸ்ஸில் போடும் சாம்பாரைப் பற்றியும் பேசினேன். நீ சிரித்துக் கேட்டாய்.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். உன் சூப்பர்வைசர் மூக்கால் பேசுவதைச் செய்துகாட்டுவாய். என் நிரந்தரமில்லாத வேலையைப் பற்றி நான் புலம்புவேன். போனை வைக்கும்போது மறக்காமல் கேட்பாய்: "கரும்பு, படல் சாத்தின வூட்ட எப்பக் கேக்கப் போறோம்?" அடுத்த விதைப்புக்கு என்பேன். ஒரு வருஷம் எனக்குத் தேர்வுத்தாள் திருத்தம், இன்னொரு வருஷம் உனக்கு லீவு இல்லை, அப்புறம் தொற்றுக்காலம். சண்டையில்லை, மனஸ்தாபமில்லை, யார்மேலும் பழிபோட ஒன்றுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாராவது தடுத்திருந்தால்கூட அவர்களைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

நீ காய்ச்சல் என்று படுத்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள் என்பதும், அங்கிருந்து உன்னை மலைக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்பதும் விடுதித் தோழி ஒருத்தி வாட்ஸாப்பில் போட்ட செய்தியில் ஒன்றாகச் சேர்ந்தே எனக்குத் தெரிந்தன. நான் மலை ஏறியபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வாந்தி வரவில்லை. எலுமிச்சம்பழம் பையிலேயே கிடந்தது.

இந்த வருஷம் இந்த இரண்டு பெண்களும் ஜெராக்ஸ் கடைக்குப் போகமாட்டோம் என்று வந்து நின்றார்கள். கோழிக் கதையை நான் வருஷாவருஷம் வகுப்பில் சொல்வதுண்டு. எல்லோரும் சிரிப்பார்கள், தேர்வு வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இவர்கள் இருவரும் சிரித்துவிட்டு, "அப்புறம் அந்த மூடின வூட்டையெல்லாம் கேட்டீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "நாங்க கேக்கட்டுமா?" என்றார்கள்.

விதைப்புக் காலத்தில்தான் அனுப்பினேன். கோழி எத்தனை என்ற கேள்விக்குப் பக்கத்தில், யாருடையது என்று ஒரு கட்டம் சேர்த்தோம். சாத்தியிருக்கும் வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. அக்கம்பக்கத்தில் எண் வாங்கி, போன இடத்துக்கே போன் செய்து பேச வேண்டும். கடைசியில் உன் கேள்வியை உன் வார்த்தையிலேயே வைத்தேன். ஏன் போனீர்கள்? நம் பழைய வினாத்தாளில் நான் அதற்குக் கீழே கடன், மழையில்லை, நிலமில்லை என்று விடைகளை அடுக்கியிருந்ததை நீ அடித்துவிட்டு, 'அவர்கள் சொன்னபடியே எழுதவும்' என்று எழுதினாயே, அதையும் வைத்தேன்.

இன்று தண்ணீர் குடித்து முடித்தபின் நெட்டைப் பெண் நடந்ததைச் சொன்னாள். மூன்றாவது வீடாக உன் வீடு வந்ததாம். படல் சாத்தியிருந்தது. உன் அப்பாவும் அம்மாவும் நீ போனபின் உன் தம்பியோடு தோட்டத்துக் கூலியாட்களின் லைன் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள், விதைப்புக்கும் வருவதில்லை. பெண்கள் அடுத்த வீட்டு அக்காவிடம் போய்க் கோழியைக் கேட்டிருக்கிறார்கள். யாருடையது என்று கேட்டதும் அக்கா பிரித்துச் சொன்னாராம். இது எங்களுது, அது சித்தப்பா வூட்டுது, இது மட்டும் பக்கத்து வூட்டுப் பொண்ணோடது.

"அவ திருப்பூருக்குப் போயி மொத சம்பளம் வாங்கினு வந்தப்ப சந்தையில ஒரு பெட்டை வாங்கியாந்து எங்கிட்ட வுட்டா. அம்மாவோடது தனி, இது என்னுதுனு சொன்னா. அந்தக் கோழி போயி ரொம்ப நாளாவுது. இது அதோட வம்சம். ஆனா அவளுதுதான்" என்றாராம் அக்கா. மழை ஓய்ந்ததும் அக்காவும் ஆத்தூரில் இருக்கும் மகன் வீட்டோடு போகிறார். மூட்டு வலி, இனி மலை ஏறி இறங்க முடியாது. "சித்தப்பா வூட்டுக்காரங்க இந்தத் தடவ வெதப்புக்கு இன்னும் வந்து சேரல, தோட்டத்துலேர்ந்து வந்ததும் அவங்க கோழியக் குடுத்துடுவேன். இதத்தான் யாருகிட்ட குடுக்கறதுனு தெரியல. உங்க மேடமும் அவளும் ஒண்ணாத்தான சுத்திக்கினு இருந்தாங்க. அவங்ககிட்டயே குடுத்துடுங்க" என்று சொல்லி, தானே பிடித்துக் காலைக் கட்டிப் பையில் வைத்தாராம்.

இத்தனை வருஷமும் அவர் உன் கோழியை உன்னுடையதாகவே எண்ணிவந்திருக்கிறார். நாம் எண்ணியபோது மட்டும்தான் உன் அம்மா கோழி அக்காவுடையது ஆகிவிட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்" என்றாள் நெட்டைப் பெண். தாளை என் பக்கம் திருப்பினாள். சாத்தியிருந்த உன் வீட்டுக்கான தாள். உன் அம்மாவுக்குப் போன் செய்து பேசியிருக்கிறார்கள். அம்மா தான் போனது, அப்பா போனது, தம்பி படிப்பை விட்டுப் போனது எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறார். உன் வரியில் மட்டும் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"உங்க ஃப்ரெண்டு ஏன் போனாங்கனு கேட்டோம் மேடம். 'எங்கிட்ட ஒண்ணும் சொல்லல கண்ணு. காலேஜில எடம் கெடச்சிதுனு சொன்னா, மறுவாரம் திருப்பூருக்குப் போறேனு சொன்னா. அந்தக் கரும்புப் பொண்ணுகிட்ட சொல்லியிருப்பா. அதுகிட்டதான் எல்லாத்தயும் சொல்லுவா, அதக் கேளுங்க'னு சொன்னாங்க. அந்தக் கரும்பு யாருனு அக்காகிட்ட கேட்டோம். நீங்கதான்னு சொன்னாங்க."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

எனக்கு உன்னைப் பற்றி எவ்வளவு தெரியும்! நீ பல்லால் கயிறு அவிழ்ப்பது தெரியும். தூக்கத்தில் கூட்டல் போடுவது தெரியும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவாய். பணமில்லாமல்தான் போயிருப்பாய் என்று நானாக முடிவு செய்துகொண்டிருந்தேன். ஆனால் கல்விக் கட்டணச் சலுகை உனக்கு இருந்தது, விடுதியும் இருந்தது. அந்த வாய்மொழித் தேர்வு நாளில் சுவரில் சாய்ந்து நின்றாயே, அங்கேயே முடிவு செய்துவிட்டாயா? தம்பியை மறுபடியும் படிக்கவைக்கவா? அல்லது, போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீயே போய்ப் பார்த்தாயா? உன் புத்தி அப்படியும் போகக்கூடியதுதான். நீயாகச் சொல்வாய் என்று நான் இருந்தேனோ, நானாகக் கேட்பேன் என்று நீ இருந்தாயோ. படல் சாத்தின வீட்டை எப்போது கேட்கப் போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் அவள்.

வறுமை என்று சொல்லியிருந்தால் கட்டம் நிறைந்திருக்கும். அட்டவணையும் சரியாக வந்திருக்கும். எனக்குத் தெரியும் என்பதை எழுதக் கூடாது என்று உன் வாசலிலேயே நின்று நீ சொன்னது ஞாபகம் வந்தது.

"கேட்கவில்லைனு எழுதும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தெரியவில்லை என்று போடட்டுமா என்றாள். இல்லை, கேட்கவில்லை என்றே எழுது என்றேன். எழுதினாள்.

சாயங்காலம் மஞ்சள் பையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உளுந்தூர்பேட்டைப் பேருந்துக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், பையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அது என் முழங்கையைக் கொத்திக்கொண்டே வந்தது. நான் இருப்பது மாடி வீடு, வளர்க்க இடமில்லை. கீழே வீட்டுக்கார அம்மா கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார், இரண்டு மூன்று கோழிகள் அவரிடம் உண்டு. அவரிடம் கேட்டேன். முட்டையும் பாதிக் குஞ்சும் நீங்களே எடுத்துக்குங்க, தாய்க்கோழி மட்டும் இருக்கட்டும் என்றேன். இதென்ன புதுசாக் கணக்கு என்று அவர் சிரித்தார்.

கால்கட்டை அவிழ்த்ததும் அது எழுந்து, இறகைச் சிலுப்பி, முருங்கை மரத்தடிக்குப் போய்த் தரையைக் கிளறத் தொடங்கிவிட்டது. மலையாவது தரையாவது, அதற்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

"நல்ல நாட்டுக் கோழியா இருக்குதே. உன்னுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க, பக்கத்து வூட்டுது" என்றேன். "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க."